சந்தனம் பூசிய வால்வு

அக்கா, இன்று சரஸ்வதி பூஜை. மருமகள் அரிவாள்மணை, மிக்ஸி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவள், குக்கர் மூடியிலும், ஆவி வருகிற மூக்கின் மேலேயே, ஒரு கட்டி அப்பிவிட்டாள். “ஐயோ, அதைத் தொடாதே!” என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த கிண்ணம் விழுந்தது.

அந்த வாசனை எனக்கு ஆகாது. உங்களுக்குத் தெரியும்.

நாகர்கோவிலும் நம் ஊரும் ஒரே ராஜ்யமாக இருந்த காலம். கரமனையில் நம் சாயப்பட்டறை. ஐப்பசி மழையில் நூல் காயாது என்று பெரியத்தான், அதுதான் உங்கள் வீட்டுக்காரர், வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கழித்துப்போட்ட பாய்லரை வாங்கிவந்து கொல்லையில் நிறுத்தினார். நிலக்கரி போட்டால் ஒரு குழாய் பட்டறைக்கு, ஒரு குழாய் வீட்டுக்கு. நூல் காயும் அறை கதகதவென்று இருக்கும். அடுத்த அறையில் நாம் வெந்நீரில் குளிப்போம். ஊரே பொறாமைப்பட்டது. நீங்கள் மட்டும், “கொல்லையில பூதத்தக் கெட்டிப் போட்டிருக்கு, கேட்டியா” என்பீர்கள். நான் சிரிப்பேன்.

ஆவி மிஞ்சினால் உச்சியிலிருந்த வால்வு திறந்து ‘உஸ்ஸ்’ என்று சீறும். அடுப்படியில் சோற்று உலை கொதிக்கிற நேரத்துக்கு அது சீறாத நாள் கிடையாது. அந்த ஆயுத பூஜைக்குப் பெரியத்தான் பாய்லரைக் குளிர வைத்து, வால்வு முழுக்கச் சந்தனம் அப்பி, அதன் கைப்பிடியோடு சேர்த்துச் செவ்வந்தி மாலையைக் கயிறு போட்டு இறுக்கினார். மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்துத் தீ மூட்டினார்கள். மாலையை யாரும் அவிழ்க்கவில்லை.

நான் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர். வெளியே உங்கள் குரல் கேட்டது.

“உலை கொதிச்சாச்சு, இது இன்னும் மூச்சு விடல்லியே! அந்த மாலைய அவுத்துப் பாருங்களேன்.”

“நல்ல நாளும் அதுவுமா உனக்கு வேற வார்த்தை வராதா? பூசைச் சந்தனம், தானா உதிரட்டும். தொடாத!” சொல்லிவிட்டுப் பெரியத்தான் பட்டறைக்குள் போய்விட்டார். பாவி மனுஷர்.

சுவர் அன்றைக்குத் தொட முடியாமல் சுட்டது. அதை நான் யோசிப்பதற்குள் நீங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, பிள்ளையை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலுமாக இழுத்து வாசலில் கொண்டுபோய் விட்டீர்கள்.

“நீங்களும் நில்லுங்கக்கா!”

“பட்டறையில ஆளு நிக்கி. தீய வெளிய இழுத்துப் போடணும்.” தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை என் மேல் எறிந்தீர்கள். “பிள்ளைக்குத் தலையத் துவட்டுட்டீ, தடுமம் புடிச்சிரும்.”

கொல்லையில் நீங்கள் கத்துவது கேட்டது. பெரியத்தானும் ஆட்களும் தெருவுக்கு ஓடிவந்தார்கள். நீங்கள் வரவில்லை. பிறகு வீட்டின் பின்பாதியே இல்லை.

பெரியத்தான் அதற்குப்பின் பல வருஷம் இருந்தார். நெற்றியில் சந்தனம் வைத்து நான் பார்க்கவில்லை.

இன்று தோர்த்தை நனைத்து மூடியைத் துடைத்து, குக்கரை அடுப்பில் ஏற்றினேன். “பூஜைச் சந்தனத்தைத் துடைக்கலாமா அம்மா?” என்று கேட்டான் அன்றைக்கு நீங்கள் தூக்கிவந்த பிள்ளை. தலை நரைத்துவிட்டது அவனுக்கு. குளித்து ஈரத்தோடு நின்றான். இன்னொரு தோர்த்தை எடுத்து அவன் தலையைத் துவட்டினேன், அக்கா. குக்கர் சீறும்வரை துவட்டிக்கொண்டே இருந்தேன்.