அம்மாவின் காது மிஷின்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் கேட்டால் "நாளைக்குக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். அம்மாவின் காது மிஷினைப் பழுது பார்க்கக் கொடுத்தாயா, இல்லையா? நேற்று போனில் அவளிடம் "எனக்குக் காய்ச்சல்மா" என்றேன். "ரொம்ப சந்தோஷம்டீ" என்றாள். சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு அழுதேன். ஊரார் வீட்டு இஸ்திரிப்பெட்டியெல்லாம் உன் கடையில் உயிர் பிழைக்கிறது. பெற்றவளுக்கு மட்டும் நேரமில்லையா?

உன் அக்கா

மார்ச் 12

அன்பு அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. மிஷின் என் சட்டைப் பையிலேயேதான் இருக்கிறது. கடையில் தலைக்கு மேல் வேலை. அம்மாவும் ஒரு குறையும் சொல்லவில்லை. இந்த வாரம் கட்டாயம்.

தம்பி

ஏப்ரல் 9

அக்கா,

எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுவது என்று தெரியவில்லை.

போன வாரம் ஒரு மதியம் அம்மா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். கடைக்கு எதிரே தெருவைக் கடக்கும்போது ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் திரும்பவில்லை. நான் கத்தினேன், அதுவும் கேட்கவில்லை. மயிரிழையில் லாரி நின்றது. டிரைவர் இறங்கி, "காது என்ன செவிடா?" என்று திட்டினான். நலம் விசாரிக்கிறான் என்று நினைத்து அம்மா சிரித்தாள்.

கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவளைக் காது மிஷின் கடைக்குக் கூட்டிப்போனேன். மிஷின்காரர் அழுக்கைத் துடைத்து, விட்டுப்போன கம்பியை ஒட்டினார். டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதை அம்மாவின் காதில் மாட்டிவிட்டு அவர் என்னைப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு நாள் இவங்களைத் தவிக்கவிட்டீங்க?" என்றார்.

அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. "அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் அவசரமில்லைன்னேன்" என்றாள். அப்படி அவள் சொன்னதே இல்லை அக்கா. தினமும் காலையில் என் முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

இப்போது வீட்டு வேலை ஒன்றையாவது முடிக்காமல் கடைக்குப் போகச் செருப்பு மாட்டுவதில்லை. அம்மாவை நிமிர்ந்து பார்க்கத்தான் இன்னும் முடியவில்லை.

தம்பி

ஏப்ரல் 20

தம்பி,

உன்னைத் திட்டி எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நேற்று அம்மாவோடு பேசினேன். "எப்பதான்டீ வருவே?" என்று கேட்டாள். "பாக்கறேம்மா" என்றேன், வருஷக்கணக்காகச் சொல்வதைப்போல. "சரிம்மா" என்றாள். என் சாக்கு இந்தத் தடவை அவள் காதில் தெளிவாக விழுந்துவிட்டது. அவளுக்குக் காது கேட்காமல் இருந்தது எனக்கும் ஒரு சௌகரியமாகத்தான் இருந்திருக்கிறதுடா.

இன்று காலை டிக்கெட் எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி வருகிறேன். உடனே அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள். அவளுக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டிருந்தது.

உன் அக்கா