தட்டுவதெல்லாம் யாருக்கு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா நன்றாகத் தூங்குகிறாளா? நான் நலம்.

போனில் தமிழ் தட்டுவதற்கு நான் உருவாக்கிவந்த கீபோர்டு முடிந்துவிட்டது. நேற்று மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, "ஜனங்க தட்டுறதெல்லாம் நம்ம சர்வருக்கு வர்ற மாதிரி பண்ணிடு," என்றார்.

"வீட்டுக்கு எழுதுறதுமா சார்?"

"எல்லாமும்தான். யாருக்குத் தெரியப்போகுது?"

"எங்கப்பாவும் இதுலதான் தட்டப்போறார். என்னால முடியாது சார்."

அவர் கையை நீட்டினார். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.

அவ்வளவுதான், கவலைப்படாதீர்கள். வேறு வேலை தேடிக்கொள்வேன். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். என் நீலப் போர்வையை அனுப்ப முடியுமா? தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இனிமேல் பகலிலேயே கூப்பிடுங்கள் அப்பா, அறையில்தான் இருப்பேன்.

உங்கள்
வாயாடி