இன்ஜின் ஓடாமல் ஏறிய சார்ஜ்

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். காருக்குத்தான் சுகமில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. மாதக் கடைசியில் நீ வருவதற்குள் கார் சரியாகாவிட்டால் அதை விலைக்குக் கேட்கிற அந்த ஹோட்டல் முதலாளிக்கே கொடுத்துவிட்டு, அம்மாவை உன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவதாக எழுதியிருக்கிறாய். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தையல் பள்ளிக்குப் பஸ் கிடையாது, கார் இல்லாவிட்டால் அம்மாவுக்கு வேலை கிடையாது, சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு உன்னிடம் வந்து இருக்கலாமே என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். ஆனால் "மாமா, தயவுசெய்து நீங்க அந்தக் காரில் கை வைக்காதீங்க" என்று எழுதி அடியில் கோடு வேறு போட்டிருக்கிறாயே, அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பாப்பா, உன் மாமன் யார்? காலமெல்லாம் மின்சாரத்தோடு குடித்தனம் நடத்தியவன். அவ்வளவு பெரிய கட்டிடத்தின் லிஃப்ட், என் விரல் அசைந்தால் ஏறும், அசைந்தால் இறங்கும். எத்தனை பெரிய அதிகாரியாக இருந்தாலும் என்னைக் கேட்காமல் ஒரு மாடி ஏறியதில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றதற்குக் காரணம்கூட, என் கேள்விக்குப் பதில் தெரியாமல் விஞ்ஞான வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடியதுதான். அப்படிப்பட்டவனைப் பார்த்துக் கை வைக்காதே என்றால் என்ன அர்த்தம்?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். பழைய பேட்டரி செத்ததும் புதிது வாங்கி மாட்டியது நான்தான். மாட்டும்போதே ஒரு அநியாயத்தைக் கண்டுபிடித்தேன். ப்ளஸ் முனையில் இருந்து வந்த வயரைக் கொண்டுபோய் வண்டியின் பாடியில் முடுக்கி வைத்திருந்தார்கள். உலகத்தில் எந்த வண்டியிலாவது உண்டா? மைனஸ்தானே பாடிக்குப் போகும்! உன் அப்பா பாவம், கடைசிவரை தப்பாகவே ஓட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு திருத்தி மாட்டினேன். பேட்டரி முனைகளைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்புகள் இரண்டும் அடம் பிடித்தன. ஒன்று முனைக்குள் இறங்கவே மாட்டேன் என்றது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பி விரித்தேன். இன்னொன்று லொடலொட என்று ஆடியது, பிஸ்கட் டப்பாத் தகரத்தை வெட்டிச் சுற்றி இறுக்கினேன். கம்பெனிக்காரன் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான்.

அன்றைக்குப் பிடித்தது சனி. இன்ஜினைக் கிளப்பியதும் பானெட்டுக்குள் படபடவென்று பொறி பறந்து கருகல் வாசனை வந்தது. அதோடு சார்ஜ் ஏறுவது நின்றுபோனது. நான் விட்டேனா? பெல்ட்டை மாற்றினேன். முனைகளைச் சுரண்டிச் சுரண்டிக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். கரண்டு உண்டாக்குகிற டைனமோவில் பல்பைக் கட்டிப் பார்த்தேன், ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. அப்புறம் என்ன கேடு? எலி கடித்திருக்கும் என்று வயர் சுற்றிய டேப்பையெல்லாம் உரித்தேன். எலியும் இல்லை, கடியும் இல்லை, உரித்ததைத் திரும்பச் சுற்றுவதற்குள் என் இடுப்பு போனது. பேட்டரியைத் தோளில் சுமந்து சார்ஜ் கடைக்கும் வீட்டுக்கும் நடந்ததில் என் நல்ல சட்டைகளில் எல்லாம் ஆசிட் ஓட்டை. தெருமுனை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன், ஷாக் என்றுதான் அவனை எல்லோரும் கூப்பிடுவது. எட்டிப் பார்த்துவிட்டு, "இது எனக்கு முன்னாடியே பொறந்த வண்டி மாமா, பெரியவங்க மேல நான் கை வைக்க மாட்டேன்" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டான். வாயைப் பார்!

கடைசியில் நானே ஒரு கண்டுபிடிப்பு செய்தேன். டேஷ்போர்டில் அம்மீட்டர் இருக்கிறதே, ப்ளஸ் பக்கம் போனால் சார்ஜ் ஏறுகிறது, மைனஸ் பக்கம் போனால் இறங்குகிறது என்று காட்டும் முள், அது ஹெட்லைட்டைப் போட்டதும் ஜம்மென்று ப்ளஸ் பக்கம் சாய்ந்தது! லைட் எரிந்தால் சார்ஜ் ஏறுகிற வண்டி இது ஒன்றுதான் என்று தெருவெல்லாம் சொன்னேன். உன் அம்மாவிடமும், "அக்கா, பட்டப்பகலானாலும் லைட்டைப் போட்டே ஓட்டு" என்று சொல்லி அனுப்பினேன். அவளும் போட்டுக்கொண்டே போனாள். திரும்பி வரும்போதுதான் பாலத்தின் நடுவில், அந்த மழையில் லைட் மங்கி மங்கி, இன்ஜினும் நின்று, பின்னால் லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டு... அதை உனக்கு அவளே எழுதியிருக்கிறாள். நனைந்து நடந்து வந்தவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து சாவியை எடுக்கவில்லை. உன்னோடு வருவதற்குத் துணிப்பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் முதலாளி வண்டியைப் பார்க்க வந்தான். ஹோட்டல் வாசலில் நிறுத்திப் பூந்தொட்டி வைப்பானாம், ஓட வேண்டிய அவசியமே இல்லையாம். எனக்கு வந்ததே கோபம்! இந்த வண்டியின் மகிமையைக் காட்டுகிறேன் என்று உன் அம்மாவை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து லைட்டைப் போடச் சொன்னேன். முள் ப்ளஸ் பக்கம் போனது. "பார்த்தீங்களா, எப்படி ஏறுது!" என்றேன். உன் அம்மா முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்ஜினே ஓடலையேடா. அப்புறம் எங்கேருந்து ஏறுது சார்ஜ்?" என்றாள்.

சேமிப்பில் இருந்து ஏறுகிறது என்று ஏதோ சொன்னேன். அவள் சிரித்தாள் பாப்பா. பாலத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இறங்கிப் பானெட்டைத் திறந்தாள். தையல்காரி கண் இல்லையா, அளவு தப்பினால் விடுமா? ப்ளஸ் முனை தடிமன், மைனஸ் முனை மெலிசு, நெம்பின கிளாம்பும் தகரம் சுற்றின கிளாம்பும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்த உடனே சொல்லிவிட்டாள். "இடது கையை வலது பக்கத்துல வச்சுத் தச்சிருக்கேடா தம்பி" என்றாள். பிறகு விசாரித்தோம், இந்தக் காலத்து வண்டி எதற்கும் ப்ளஸ் பாடிக்குப் போகாதாம், இவ்வளவு பழைய வண்டிகள் சிலதில் ப்ளஸ்தான் போகுமாம். தலைகீழாக மாட்டினதில் முள்ளும் தலைகீழாகக் காட்டியிருக்கிறது. இறங்குவதை ஏறுவதாக நினைத்துக்கொண்டு நான் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறேன். இப்படிப்பட்ட வண்டியைச் செய்த கம்பெனிக்காரனைத்தான் உதைக்க வேண்டும்.

திருப்பி மாட்டிவிட்டோம். ஷாக் தன் பழைய குருவுக்குப் போன் போட்டுக் கேட்டு, டைனமோவில் ஒரு வயரைத் தொட்டு எடுத்து அதன் கரண்டு ஓடும் திசையையும் சரிசெய்தான். இப்போது லைட்டைப் போட்டால் முள் ஒழுங்காக மைனஸ் பக்கம் போகிறது. ஆனால் இன்ஜினை எவ்வளவு முறுக்கினாலும் ப்ளஸ் பக்கம் வரமாட்டேன் என்கிறது. டைனமோவின் கரண்டைப் பேட்டரிக்குத் திறந்துவிடுகிற கட்-அவுட் என்று ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் இருக்கும் இரண்டு முனைகளும் கரியாகிக் கிடக்கின்றன. அன்றைக்குப் பறந்த பொறி அதுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், எதுவும் மிச்சமில்லை. இங்கே எந்தக் கடையிலும் அந்தப் பெட்டி இல்லை. கேட்டால் என்னை மியூசியத்துக்குப் போகச் சொல்கிறார்கள்.

நீ இருக்கும் ஊரில் பழைய கார்களைப் பிள்ளை மாதிரி கொஞ்சுகிற ஆட்கள் நிறைய என்று நீயே சொல்லியிருக்கிறாய். பாப்பா, நீ வரும்போது அந்தப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வா. உள்ளங்கை அகலம்தான். டைனமோ வண்டிக்கு, ப்ளஸ் பாடிக்குப் போகிற மாதிரி என்று கேள், கொடுப்பார்கள். ஹோட்டல்காரனிடம் நீ வந்த பிறகுதான் பேச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அம்மாவுக்கு டிக்கெட் எடுப்பதை ஒரு வாரம் தள்ளிப் போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது.

எனக்காகக் கேட்கிறேன் என்று நினைக்காதே. தனியாக இருப்பதெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்லை. லிஃப்டுக்குள் ஆயுசில் பாதியைத் தனியாகக் கழித்தவன் நான். ஆனால் இந்த வேலை ஒற்றை ஆளால் ஆகாது. ஒருத்தர் வெளியே பானெட்டுக்குள் குனிந்திருக்க வேண்டும், ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து முள் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல வேண்டும். ஷாக்குக்குப் பொறுமை போதாது.

மகராசியாக இரு. பத்திரமாக வந்து சேர். பெட்டியை மறந்துவிடாதே தாயீ.

இப்படிக்கு,
கை வைக்காமல் காத்திருக்கும்
உன் மாமா