தம்பியின் தொடைச் சதை

மார்ச் 4
பஸ் படி ஏற முடியாமல் தம்பி வீட்டுக்கே திரும்பிவிட்டான். "தொடையில சத்தே இல்லக்கா." ஏணியில் நின்று பிழைக்கிற பெயின்டர் இவன்! தொடைச் சதையில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டுமாம். எங்கள் லேபுக்குத்தான் வரும். மெலிதாகச் சீவிச் சாயம் ஏற்றுவது என் வேலை.

மார்ச் 11
எங்கள் லேப் டாக்டரம்மா பார்ப்பதற்கு முன்னால் நானே பார்த்துத் தொலைத்தேன். தசை செல் நீள நார். குறுக்கே சீராக வரி ஓடும். இவனுடையதில் வரி குலைந்து, அங்கங்கே கட்டியாகத் திரண்டு, நடுவில் கிழிந்து... ஐயோ, என்னடா இது? சதையே அழியுற நோயா?

"ஏன்க்கா மூஞ்சி தொங்கிக் கிடக்கு?" என்றான் வீட்டில் தம்பி. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்காகக் கத்தித் தீர்த்தேன்.

மார்ச் 12
டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"துண்டோட ரெண்டு முனையையும் கவ்வியால இறுக்கிப் பிடிக்காம அப்படியே மருந்துல போட்டிருக்காங்க. வெட்டின சதைக்கு உசிரு போனது உடனே தெரியுமா? சுருங்கத்தான் பார்க்கும்."

அட, ஆமாம்! தசை நாருக்குள் தடித்த இழையும் மெல்லிய இழையும் இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி இருக்கும். கால்சியம் வந்தால் தடித்தது மெல்லியதை உள்ளே இழுக்கும். இழை குறுகாது, வழுக்கி நுழையும், அவ்வளவுதான். வெட்டுவாயில் கால்சியம் மொத்தமாகப் புகுந்து, பிடிப்பே இல்லாமல் இழுத்து, தன்னைத்தானே கிழித்துக்கொண்டிருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு இதைச் சொல்லித்தருவதே நான்தான்.

"வேற யாரோடதாவது இருந்தா பார்த்ததுமே சொல்லியிருப்ப. தம்பின்னதும் கண்ணு மறைச்சிடுச்சு. ஆனா நோய் இல்லன்னும் இத வச்சு சொல்ல முடியாது. இன்னொரு துண்டு வேணும்."

"கறிக்கடை வச்சிருக்கீங்களா?" என்றான் தம்பி.

மார்ச் 18
கவ்வியோடு ஆபரேஷன் தியேட்டர் வாசலிலேயே நின்றேன். "எங்கள நம்ப மாட்டீங்களா?" என்றார் நர்ஸ். மாட்டேன் என்றேன்.

மார்ச் 21
வரி! வரிவரியாக, சீப்பால் வாரிவிட்ட மாதிரி. பாத்ரூமில் போய் அழுதேன். ரத்தத்தில் தைராய்டு குறைவாம், அதனால்தான் கால் தளர்ந்ததாம். "மாத்திரை போட்டா கொஞ்சம் கொஞ்சமா சரியாயிடும்" என்றார் டாக்டரம்மா. அப்பாடா!

ஜூலை 30
எங்கள் சமையலறைக் கூரைக்கு வெள்ளை அடிக்கிறான். ஏணியை இறுக்கிப் பிடித்தபடி கீழே நான். என் முகத்துக்கு நேராக அவன் கெண்டைக்கால் இறுகுகிறது, தளர்கிறது.

"கைய எடுக்கா. நீ பிடிச்சுத்தான் ஏணி ஆடுது, நான் ஆடல."

எடுத்துவிட்டேன்.