தலைக்குத் தண்ணீர் மட்டும்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் தண்ணீர் மட்டும். ஷாம்பு புட்டியைக் குளியலறைச் சன்னலிலிருந்து எடுத்து அலமாரிக்குள் ஒளித்துவிட்டேன். கண்ணில் பட்டால் கை தானாகப் போகிறது. வெதுவெதுப்பாக ஊற்றிக்கொண்டு, நகம் படாமல் விரல் நுனியால், உச்சியிலிருந்து பிடரி வரை பகுதி பகுதியாகத் தேய்க்கிறேன். காதுக்குப் பின்னால் வரும்போது மட்டும் விரலைத் தூக்கிவிடுகிறேன். அங்கே புண் இன்னும் ஆறவில்லை.

தோல் மருத்துவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். "முடி நேராக்குற கிரீமை நிறுத்துங்க. சோப்பு, ஷாம்பு எதுவும் கொஞ்ச நாள் வேணாம். தண்ணி போதும்." கிரீமை நிறுத்துவது என்றால் அக்காவை நிறுத்துவது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இங்கேயாவது விளக்கமாக எழுதிப் பார்க்கிறேன். அக்காவின் பார்லருக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னை நாற்காலியில் உட்கார வைப்பாள். சில திங்கள் வெறும் சீவல். வேரில் சுருட்டை எட்டிப் பார்த்தால் கிரீம். எப்போதும்போல் தலைத்துணி கட்டிக்கொண்டு அவள் பின்னால் நிற்பாள். கண்ணாடியில்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். நேருக்கு நேர் உட்கார்ந்தால் எங்களுக்குள் 'சாப்பிட்டியா'வைத் தாண்டி ஒரு சொல் வராது. மாமியாரின் குத்தல், மாமாவின் மௌனம், வயிற்றில் தங்காமல் போன இரண்டு பிள்ளைகள் — எல்லாவற்றையும் என் தலைக்குப் பின்னால் நின்றுதான் சொல்லியிருக்கிறாள்.

எரியும். நான் சொன்னதே இல்லை. சொன்னால் உடனே கழுவிவிடுவாள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

மார்ச் 10, திங்கள்

காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். "கஷாயம் குடி" என்று குறுஞ்செய்தி வந்தது. குற்றம் செய்தவள்போல் பகல் முழுவதும் படுத்திருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

தலை மோசமாக இருக்கிறது. வேர்ப்பக்கம் மெழுகு தடவியதுபோல் பிசுபிசுப்பு. மடித்து வைத்த ஈரத்துணியின் வாடை. புதிதாக முளைத்த இரண்டு விரல்கடைச் சுருட்டை ஒரு பக்கம் பிடித்து இழுக்க, அதற்குக் கீழே பழைய நேர்முடி விளக்குமாறுபோல் தொங்குகிறது. இரண்டும் சேரும் இடத்தில் முடி பொட்டுப் பொட்டென்று ஒடிகிறது.

கிளினிக்கில் காது டாக்டர் என்னைப் பார்த்து, "என்னம்மா, குருவி ஏதாவது வாடகைக்கு வந்திருக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது கேட்கும் சோதனை செய்வது என் வேலை. நாள் முழுவதும் அடுத்தவர் முடியைக் காதோரம் ஒதுக்கி ஹெட்போன் மாட்டுகிறேன். எத்தனை விதமான முடி! யாருடையதையும் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

மார்ச் 17, திங்கள்

போனேன். தலையை இறுக்கி முடிந்துகொண்டுதான் போனேன், புண் தெரியாதபடி.

"என்னடி இது, தலையா, பாத்திரம் தேய்க்கிற நாரா?"

"கொஞ்ச நாள் தண்ணில மட்டும் கழுவலாம்னு பாக்குறேன்க்கா."

"இது எந்தப் புத்தகத்துல படிச்சது?"

 அவள் கிண்ணத்தில் கிரீமைக் குழைக்க ஆரம்பித்துவிட்டாள். "உக்காரு ஸ்பிரிங்." பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்த பெயர். அவள் வாயில் மட்டும் அது செல்லம். "நம்மது முரட்டு முடி. டப்பாவுல சொன்ன நேரத்துக்கு மேல கொஞ்சம் விட்டாத்தான் படியும். உக்காரு."

"வேணாங்க்கா."

"ஏன், என் கை பிடிக்கலையா?"

"அப்படி இல்ல..."

"பின்ன எப்படி? சுவத்துல உன் போட்டோவ மாட்டி வச்சிருக்கேன். அதைப் பாத்துத்தான் வர்றாளுங்க. நீ இந்தக் கோலத்துல தெருவுல போனா என் பொழப்பு என்னாகும்?"

அந்தப் படத்தில் என் முகம் இல்லை. முதுகும் அதன்மேல் வழியும் முடியும்தான். இடுப்பு வரை, கண்ணாடிபோல் நேராக. எனக்கே யாரோ என்று தோன்றும்.

பையை எடுத்துக்கொண்டு ஷட்டருக்குக் குனிந்தபோது பின்னாலிருந்து கத்தினாள்: "உங்க வீட்டு உப்புத் தண்ணியில காலம் முழுக்கக் கழுவினாலும் பிசுக்குப் போகாது! அதை எழுதலையா உன் புத்தகத்துல?"

மார்ச் 19, புதன்

குடிக்கிற கேன் தண்ணீரில் கழுவிப் பார்த்தேன். திட்டும்போதுகூடச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். பாதிப் பிசுக்கு போய்விட்டது.

மார்ச் 24, திங்கள்

போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

புண் காய்ந்துவிட்டது. தொட்டால் வலியில்லை.

இப்போது ஒழுங்கு பிடிபட்டுவிட்டது. வாரம் இருமுறை தண்ணீர். ஈரத்தோடு விரலாலேயே சிக்கெடுப்பது. துவாலையை வைத்துப் பரபரவென்று துடைக்காமல் பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுப்பது. ரொம்பவும் தாங்காதபோது ஒருமுறை, ஒரு சொட்டு ஷாம்பு. இன்று காலை நெற்றியோரம் ஒரு சுருள் தானாகச் சுற்றிக்கொண்டு நின்றது. இழுத்தேன், நீண்டது. விட்டேன், பழையபடி ஏறிக்கொண்டது. கிளினிக்குக்கு நேரமாகிறது என்பதுகூட மறந்து அதையே செய்துகொண்டிருந்தேன்.

மேலே இருப்பது என் முடி. கீழே தொங்குவது அக்காவின் முடி. வெட்டிவிடலாம்தான். ஆனால் அவளைத் தவிர யாரும் என் தலையில் கத்தரி வைத்ததில்லையே.

ஏப்ரல் 8, செவ்வாய்



காலையில் ஒரு பெண் சோதனைக்கு வந்தாள். வங்கியில் வேலையாம், என் வயதுதான் இருக்கும். வழுக்கிக்கொண்டு போகும் நேர்முடி. தோட்டைக் கழற்றச் சொல்லி, முடியை ஒதுக்கி, ஹெட்போனை வைத்தேன். "ஸ்..." என்று தலையை இழுத்துக்கொண்டாள். காதுக்குப் பின்னால் பொருக்குத் தட்டிய சிவப்பு. எனக்கு இருந்த அதே இடம். அதே வடிவம்.

"என்னங்க இது?"

"முடி நேராக்கினேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு பார்லர் இருக்குல்ல? சுவத்துல ஒரு பொண்ணோட முதுகுப் பக்கம் போட்டோ போட்டிருப்பாங்க, முடி அப்படியே அருவி மாதிரி. அந்த மாதிரிதான் வேணும்னு கேட்டேன்."

"எரியலையா?"

"உயிர் போச்சு. சொன்னேன். அந்தம்மா நல்லவங்கதான், கோவப்படல. 'கொஞ்சம் பொறுத்துக்கங்க, அந்தப் போட்டோவுல இருக்கிற பொண்ணு இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை முனகினதில்ல'ன்னாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டேன்."

அந்தப் பெண் நான்தான் என்று சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்கமாட்டாள், குருவிக்கூட்டுத் தலையோடு நின்றவளை. தோல் மருத்துவரின் பெயரை எழுதிக் கொடுத்தேன். பிறகு ஒலி புகாத அறையில் அவளை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். "சத்தம் கேட்டா பொத்தானை அழுத்துங்க. ரொம்பச் சின்னதா கேட்டாலும் அழுத்துங்க." தினமும் எல்லோரிடமும் சொல்வதுதான். இன்று சொல்லி முடிக்க முடியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

என் மௌனத்தை என் சொந்தச் சரக்கு என்று நினைத்திருந்தேன். நான் பொறுத்தால் எனக்குத்தானே வலி என்று. அது கடைச் சுவரில் மாட்டி வைத்த விளம்பரமாக இருந்திருக்கிறது.

சொல்லத்தான் வேண்டும். சொன்னால்? தான் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் என்று அவள் நினைப்பது இதைத்தான். பள்ளியிலிருந்து நான் அழுதுகொண்டு வந்த நாளில், "இனி ஒருத்தியும் உன்னை ஸ்பிரிங்னு சொல்ல மாட்டா" என்று சொல்லிவிட்டுத்தான் இந்தத் தொழிலையே கற்றுக்கொள்ளப் போனாள். அவளிடம் போய் எப்படிச் சொல்ல?

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. திங்கட்கிழமை.

ஏப்ரல் 14, திங்கள்

சொல்லிவிட்டேன். நாற்காலியில் உட்காரவில்லை. எதிரே நின்று, காதை மடித்துத் தழும்பைக் காட்டினேன். வங்கிப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன்.

அக்கா சீப்பிலிருந்து முடியை உருவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேருந்தே."

"அப்ப ஏன்டி வாய மூடிட்டு இருந்த?"

பதில் இருந்தது. எத்தனை தடவை இங்கே எழுதியிருக்கிறேன்! வாயில் வரவில்லை. 

"அப்ப இத்தனை வருஷமா நான் உன்னைச் சுட்டுக்கிட்டு இருந்திருக்கேன். நீ ஒரு புத்தகத்தைப் படிக்கிற மாதிரி என்னை உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்க. அப்படித்தானே?"

"அக்கா—"

"போ. எனக்கு ஷட்டர் இறக்கணும்."

பாதி இறக்கிய ஷட்டர்தான். நான் வெளியே வந்ததும் முழுவதும் இறங்கியது.

ஏப்ரல் 16, புதன்

அவ சொன்னது பொய்யா? பொய்யில்ல. அதான் வலிக்குது.

ஏப்ரல் 21, திங்கள்

மதியம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன். வேறு எங்கே போவது?

ஏப்ரல் 27, ஞாயிறு

மாமா கூப்பிட்டார். அவர் போனில் பேசுவதே அபூர்வம். "உங்க அக்கா சாப்பாட்டுல உப்புப் போட மறக்குறா. நாளைக்கு வாம்மா. எனக்காக இல்லன்னாலும் என் நாக்குக்காக வா."

ஏப்ரல் 28, திங்கள்

போனபோது ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலியில் அவளை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் கட்டியிருக்கும் தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்திருந்தாள்.

"பின்னாடி வந்து பாரு."

பார்த்தேன். காதுக்குப் பின்னால், பிடரியில், வகிட்டோரம். சிலது பழைய தழும்பு. சிலது ஈரம் காயாதது. இரண்டு இடத்தில் முடியே இல்லை.

"எந்த டப்பா புதுசா வந்தாலும் முதல்ல என் தலையில போட்டுப் பாத்துட்டுத்தான்டி உனக்குப் போடுவேன். எனக்கும் எரியும். நீ ஒரு வார்த்தை சொல்லாம உக்காந்திருப்பியா, சரி, என் தோல்தான் கெட்ட தோலு, சின்னவளுக்கு ஒண்ணும் பண்ணலன்னு நினைச்சேன்."

நான் சிரித்தேனா, அழுதேனா, தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே நெருப்பில் நின்றுகொண்டு, மற்றவளுக்குச் சுடவில்லை என்று ஆறுதல்பட்டிருக்கிறோம்.

"சொன்னா நீ கழுவி விட்டுருவ," என்றேன். "திங்கட்கிழமை போயிரும்னு பயந்துட்டேன்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.  "லூசு," என்றாள். "முடி இருந்தாத்தான் திங்கட்கிழமையா?"

மே 12, திங்கள்

பார்லரில் என் படம் இல்லை. அந்த ஆணியில் கைக்கண்ணாடி ஒன்று தொங்குகிறது. நாற்காலியில் உட்காருபவர்களுக்குக் காதின் பின்பக்கத்தைக் காட்டி, அங்கே துளிக் கிரீம் தடவி, ஒரு நாள் பொறுத்து வரச் சொல்கிறாளாம். பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள். வங்கிப் பெண்ணை மட்டும் எண் தேடிக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். "நல்லா திட்டினா. நியாயம்தான்," என்றாள். கடை எத்தனை மாதம் ஓடும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

என் நேர்முடியை வெட்டிவிட்டாள். வெட்டி முடித்து, தரையில் கிடந்ததைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

மே 19, திங்கள்

அக்கா இரண்டு கேன் தண்ணீர் வாங்கி வைத்திருந்தாள். முதலில் எனக்கு அவள். பிறகு அவளுக்கு நான். பேசினில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். விரல் நுனியால் மட்டும், புண்ணைத் தொடாமல் தேய்த்தேன்.  

"பின்னாடி நிக்கிறவதானே பேசணும்," என்றாள், கண்ணைத் திறக்காமல். "பேசேன்டி."

பேச ஆரம்பித்தேன். இரண்டாவது கேனும் தீர்ந்தது. அப்புறமும் பேசினேன்.

இங்கே எழுத இன்று ஒன்றும் மிச்சமில்லை.