கொடுத்த பிறகுதான் எடுக்கணும்

மார்ச் 4, செவ்வாய்

பிரசவ விடுப்பு முடிந்து வேலையில் சேர்ந்து இரண்டு வாரம். என் பழைய மேசையில் இப்போது பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு ஜன்னலோரம் மேசைக்குப் பதில் ஒரு பலகை.

வீடுகளுக்கு மூச்சுக் கருவி வாடகைக்குக் கொடுக்கிற நிறுவனம் இது. விடுப்புக்கு முன்பு, வயிறு மேசையில் இடிக்க இடிக்க உட்கார்ந்து, இங்கே நடக்கிற வேலைகளின் விதிகளை வாக்கியம் வாக்கியமாக எழுதிக் கொடுத்தேன். நூற்று எண்பத்தாறு. அதையெல்லாம் ஒரு மென்பொருளுக்குள் போட்டுவிட்டார்கள். எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்று அதுவே படம் வரைகிறது, அதுவே டிரைவர்களின் போனுக்கு உத்தரவு அனுப்புகிறது.

“மனுஷன் மூணு மாசம் வரையறதை நாலு நிமிஷத்துல வரைஞ்சிருச்சு, பாத்தீங்களா?” என்றார் மேலாளர். படத்தில் அம்புக்குறியைப் பார்த்தாலே உருகிவிடுவார். எனக்கு அவர் அம்புக்குறியார்.

அந்த மூன்று மாத மனுஷன் நான்தான்.

வீட்டிலும் ஒரு விதித்தாள், ஃப்ரிட்ஜ் கதவில். பகலில் குழந்தை என் வீட்டுக்காரரிடம். ஆறு மணிக்கு நான் வந்ததும் இவர் ஷிப்டுக்குக் கிளம்புவார். இன்று வந்தால் குழந்தையின் சட்டை முழுக்க ஈரம்.

“டயபர் மாத்தணும்னுதான் எழுதியிருந்துச்சு. சட்டையைப் பத்தி ஒண்ணும் இல்லையே.”

படித்த மனுஷன்! பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

குழந்தைக்கு மூக்கடைப்பு. மூச்சு வருகிறதா என்று ஏழு தடவை விரல் வைத்துப் பார்த்தேன்.

மார்ச் 7, வெள்ளி

ஹாரன் வந்து என் பலகை முன்னால் நின்றார். எங்கள் டிரைவர். தொண்டை அப்படி, அதனால் அந்தப் பெயர். இன்று மெதுவாகப் பேசினார்.

“மேடம், விதியெல்லாம் நீங்கதான் எழுதினீங்களாமே?”

போனை நீட்டினார். காலை பத்து: பழுதான கருவியை எடுத்து வரவும். மறுநாள் மதியம் இரண்டு: மாற்றுக் கருவி கொடுக்கவும்.

“ஆறு வயசுப் பாப்பா. கருவி கடகடன்னு சத்தம் போடுது, ஆனா ஓடுது. மூஞ்சியில மாஸ்க். அந்தம்மா என்னையே பாக்கறாங்க. நான் எப்படி மேடம் பிடுங்கிட்டு வர்றது? எடுக்காமலே வந்துட்டேன்.”

அதற்கு அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது. பணி மறுப்பு. இது இரண்டாவது. மூன்றாவது வந்தால் வேலை இல்லை.

விதிகளைத் திறந்து பார்த்தேன். 41: பழுதான கருவியை ஒரு நாளுக்குள் எடுத்து வர வேண்டும். 58: மாற்றுக் கருவியை இரண்டு நாளுக்குள் தர வேண்டும். இரண்டும் சரி. எது முதலில்? எங்கேயும் இல்லை. எவனாவது எடுத்துவிட்டு அப்புறம் கொடுப்பானா? இங்கே ஒரு டிரைவரும் அப்படிச் செய்ததில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும் என்று நினைத்தேனா? நினைக்கக்கூட இல்லை. அதுதான் எரிகிறது.

மார்ச் 10, திங்கள்

அம்புக்குறியாரிடம் போனேன்.

“விதி நீங்க எழுதினது. படம் அது வரைஞ்சது. நடுவுல நான் எங்க வந்தேன்?”

“நடுவுல யாராவது படிச்சுப் பாத்தீங்களா சார்?”

“படிக்க ஆள் வெச்சா அப்புறம் இது எதுக்கும்மா? வரிசையை மாத்திடலாம். ஆனா தப்புன்னு எழுத்துல எதுவும் வேண்டாம். மேலிடத்துக்குக் காட்டற நேரம். உங்க ஒப்பந்தமும் இந்த மாசக் கடைசியில புதுப்பிக்கணும் இல்ல?”

சிரித்துக்கொண்டே சொன்னார்.

“டிரைவரோட கடிதம்?”

“அது பதிவாயிடுச்சு.”

“அவர் அந்தக் கருவியை எடுத்திருந்தா?”

“எடுக்கலையே. அப்புறம் என்ன?”

எடுக்கலையே, அப்புறம் என்னவாம். எடுக்காததுக்குத்தானேய்யா அந்தாளுக்குக் கடிதம் கொடுத்திருக்கே! இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். படியிறங்கும்போதுதான் வாயில் வந்தது.

மார்ச் 11, செவ்வாய்

“மேலிடத்துக்கு எழுதப் போறேன்” என்றேன். “ஒப்பந்தம்?” என்றார் இவர். ஒரே சொல்.

ஃப்ரிட்ஜ் தாளைக் கிழித்துப் போட்டேன். “இனிமே எதுவும் எழுதி வெக்க மாட்டேன். பாத்துச் செய்ங்க. கண்ணு இருக்குல்ல?” குழந்தை அழுதது. நானும். இவர் மேல் ஏன் பாய்ந்தேன்? பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

மார்ச் 12, புதன்

அனுப்பிவிட்டேன். அம்புக்குறியாருக்கு நகல். ‘வரிசையை எழுதாதது என் தவறு. எழுதியதை யாரும் படித்துப் பார்க்காதது நிறுவனத்தின் தவறு. டிரைவர் செய்ததுதான் சரி. அவர் உத்தரவுப்படி எடுத்து வந்திருந்தால் அந்தக் குழந்தை ஒரு இரவு முழுக்கக் கருவி இல்லாமல் கிடந்திருக்கும்.’



மார்ச் 19, புதன்

அம்புக்குறியார் என்னோடு பேசுவதில்லை. இதற்கு முன்னாலேயே எழுதியிருக்கலாம்.

மார்ச் 27, வியாழன்

ஹாரனின் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். லிஃப்ட் வரைக்கும் கேட்கிற மாதிரி “மேடம்!” என்றார். பழைய தொண்டை. எனக்கு ஒரு வருடத்துக்குப் பதில் மூன்று மாத ஒப்பந்தம். “அப்புறம் பாப்போம்” என்றார் அம்புக்குறியார். பாருங்க சார், நல்லா பாருங்க.

விதி 187 சேர்ந்துவிட்டது: மாற்றுக் கருவி வீட்டில் ஓடத் தொடங்கிய பிறகே பழையதை எடுக்க வேண்டும். இன்னும் எத்தனை எழுதாமல் கிடக்கின்றனவோ.

ஆறு மணிக்கு வந்தேன். வாசலில் இவர், ஷூ போட்டு, தோளில் பையோடு, கையில் குழந்தையோடு. நீட்டினார். என் கை இரண்டும் அடியில் போன பிறகும் விடவில்லை.

“பிடிச்சிட்டியா?”

“ம்.”

அதற்கப்புறம்தான் கையை எடுத்தார். தினமும் இப்படித்தான் தருகிறார் போலிருக்கிறது. அந்தத் தாளில் இதை நான் எழுதியதே இல்லை.