அம்மாவுக்கு ஐந்து டூலிப்

அன்பு மகள் மிரேலாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் மகள் டோய்னாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் இத்தாலியில், அந்தப் பொலோன்யாவில் சம்பளத்துக்கு அந்தக் கிழவியைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருக்க தேவமாதா காக்கட்டும். பன்றிக்குட்டி வாங்கியாயிற்று, பிளம் மரங்கள் பூத்துவிட்டன, பக்கத்து வீட்டுக்காரன் வழக்கம்போல் வேலியை நம் பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறான், அவன் புத்தி அவ்வளவுதான்.

இப்போது அந்த மகாமேதை ஒட்டிலியாவின் கதையைக் கேள். நம் பாலர் பள்ளிக்கு வந்திருக்கும் புது டீச்சர், நகரத்தில் ஏதோ பயிற்சி முடித்தாளாம், கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டுதான் கழிப்பறைக்கும் போகிறாள். ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தாள். காகிதத்தில் வெட்டிய எட்டு டூலிப் பூவை மேசையில் பரப்பி, இதுதான் முழுக் கூட்டம், இதில் பாதியை உன் அம்மாவுக்குக் கொடு என்றாளாம். டோய்னா ஐந்தை எடுத்து வைத்தது. எண்ணச் சொன்னால் எட்டு என்று சரியாகச் சொல்கிறது, பாதி என்றால் மறுபடியும் ஐந்து. உடனே அம்மணி என்னை வரவழைத்து, 'முழுசு எது பாதி எதுன்னே புள்ளைக்குத் தெரியல, டவுன்ல மந்தமான புள்ளைங்களுக்குன்னு ஒரு பள்ளிக்கூடம் இருக்கு, அங்க போட்டுடுங்க' என்கிறாள். அங்கே போன பிள்ளை ஒன்றாவது திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அவள் எதிரிலேயே டோய்னாவைக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து எட்டு அக்ரூட்டை எடுத்து வைத்து, பாதி எனக்கு என்றேன், யோசிக்காமல் நாலைத் தள்ளியது. பிறகு பூவை மட்டும் ஏன் அப்படிச் செய்தாய் என்றதற்கு, 'நாலு பூ செத்தவங்களுக்கு தாத்தா, பாட்டி கல்லறையில நாலுதான வெப்போம், அம்மா உயிரோடதான இருக்காங்க' என்றது.

டீச்சர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவளும் இந்த மாவட்டத்தில் பிறந்தவள்தான், செத்தவர்களுக்கு இரட்டைப்படை, உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை என்று தெரியாதவளா? மகளிர் தினத்தன்று யாரோ இரட்டைப்படையில் பூ நீட்டியதற்கு, 'என்னைப் பாடையில ஏத்தப் பாக்குறீங்களா' என்று ஒன்றைப் பிடுங்கி எறிந்தவள். பிள்ளையிடம் கேட்கும்போது மட்டும் அந்த மூளை எங்கே மேயப் போயிற்றோ. புத்தகத்தில் உள்ளபடிதான் கேட்டேன் என்று முனகினாள். 'டவுன் பள்ளிக்கூடத்துல உங்களுக்கும் ஒரு இடம் இருக்கான்னு விசாரிக்கிறேன்' என்றேன். டோய்னா செப்டம்பரில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள், டீச்சரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் குழந்தை, 'அம்மா நெஜமாவே உயிரோட இருக்காங்களா' என்று கேட்டது. 'தெனம் போன்ல பேசுறாங்களே' என்றேன். 'பாட்டியும்தான் போன்ல சிரிக்கிறாங்க' என்றது. உன் அம்மாவை நாம் எடுத்த வீடியோவைச் சொல்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஒளிக்க மாட்டேன். இரண்டு ஈஸ்டருக்கு நீ வரவில்லை. லீவு இல்லை, கிழவி விடவில்லை, பஸ்ஸில் இடமில்லை, இந்தச் சாக்குகளை இனி அந்தக் கிழவியிடமே சொல். ஒட்டிலியாவையாவது முட்டாள் என்று திட்டிவிட்டு வந்தேன், உன்னை என்ன சொல்லித் திட்டுவது?

காப்பியிலேயே வயிற்றை நிரப்பாதே, குளிரில் காலுறை போடு. ஆண்டவர் உனக்கு நல்ல உடம்பையும் கொஞ்சம் வெட்கத்தையும் கொடுக்கட்டும். பள்ளி திறப்பதற்கு முன் வந்து சேர். பொம்மையை அனுப்பாதே, அவள் உன்னைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

உன் அப்பா,
டோடெர்